மெழுகுக்குள் அண்ணன்

1

இன்று அண்ணனுக்கு வருஷத் திதி. திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் இந்நேரம் படையல் போட்டிருப்பார்கள். இலை எடுத்ததும் நங்கை எனக்குப் போன் செய்வார். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்றுதான் கூப்பிடுவோம். அவர் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். என்ன பதில் சொல்வது என்றுதான் காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் அண்ணன் மகன் பிரபு அழைத்திருந்தான். சேலத்தில் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்து, சின்னதாக ஒரு துண்டு எடுத்திருக்கிறார்கள். புற்றுநோய் என்று வந்துவிட்டது. அவன் அப்பாவுக்கு வந்த அதே வயிற்றுப் புற்று. பிரபுவுக்கு இன்னும் நாற்பதுகூட ஆகவில்லை. இரண்டு பெண் குழந்தைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

“எடுத்த சதையில இன்னும் ரெண்டு மூணு புரோட்டீன் டெஸ்ட் பாக்கோணும்னு டாக்டரு சொன்னாருங்க அத்தை. குடுத்துட்டேன். அம்மாகிட்ட மட்டும் சொல்லலீங்க. அவிய கேட்டா அல்சர்னு சொல்லிப்போடுங்க.”

“நான் எதுக்கு சாமி பொய் சொல்லோணும்?”

“நெசத்தச் சொன்னா பூக் கேக்கப் போயிருவாங்க. செவப்பு வந்துச்சுன்னா நான் என்னங்க பண்றது?”

அவன் கேட்டதில் தப்பு இல்லை. அவனுடைய அப்பாவுக்காகச் சாமி முன்னால் பூப்போட்டுக் கேட்டபோது சிவப்புதான் வந்தது. அதை முறையாகச் சொல்ல வேண்டுமென்றால் நான் இங்கே என்ன வேலை பார்க்கிறேன் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

2

வட ஜெர்மனியில் ஒரு துறைமுக நகரம். அங்கே ஒரு மருத்துவமனையில் திசுப் பரிசோதனைக் கூடம். ஊரில் கேட்டால் “ஆஸ்பத்திரியில பெரிய வேலை” என்பார்கள். பெரிய வேலை ஒன்றுமில்லை. டாக்டர்கள் நோயாளியின் உடம்பிலிருந்து வெட்டி அனுப்புகிற சதைத் துண்டை மருந்தில் ஊறவைத்து, உருக்கிய மெழுகில் பதித்து ஆறவைப்போம். அப்படிக் கிடைக்கிற கட்டிக்கு பிளாக் என்று பெயர். ஓட்டலில் கொடுக்கிற சோப்பு வில்லையைவிடச் சிறியது. முதுகில் ஒரு பிளாஸ்டிக் சட்டம், அதில் நோயாளியின் எண். அந்த மெழுகை மிக மெல்லியதாகச் சீவி, வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, கண்ணாடிச் சில்லில் ஏந்தி எடுத்துச் சாயம் ஏற்றுவது என் வேலை. நாம் தேடுகிற புரதம் சதையில் இருந்தால் பழுப்பு நிறம் வரும். இல்லாவிட்டால் வெறும் நீலம்.

வயிற்றுப் புற்றில் நாங்கள் தேடும் புரதங்களில் ஒன்று, செல்லையும் செல்லையும் ஒட்டிப் பிடித்து வைத்திருப்பது. அது சரியாக இருந்தால் ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் பழுப்புக் கோடு தெரியும், வயலுக்கு வரப்பு மாதிரி. அது அழிந்துபோனால் செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று கழன்று தனித்தனியே கிளம்பிவிடும். பரவுகிறது என்று சொல்கிறோமே, பல சமயம் அதன் தொடக்கம் இங்கேதான். இன்னொரு புரதம் அளவுக்கு மேல் இருந்தால் அதைக் குறிவைத்தே ஒரு மருந்து உண்டு. சிலருக்கு அது கொஞ்சம் காலத்தைக் கூட்டித் தரும்.

இது ஜோசியம் கிடையாது. கோடு அழிந்தவர்களிலும் தேறியவர்கள் உண்டு, கோடு நன்றாக இருந்து போய்ச் சேர்ந்தவர்களும் உண்டு. எந்தப் பக்கம் போனால் நல்லது என்று டாக்டருக்கு அது வழிகாட்டும். அந்த வழிகாட்டல்கூட இல்லாமல் ஒரு மனிதரை அனுப்பி வைத்தோமே என்பதுதான் என் ஆத்திரம்.

இந்த ஊர்க்காரர்கள் எத்தனையோ பேருடைய வயிற்றை நான் சீவியிருக்கிறேன். அவர்கள் முகம் எனக்குத் தெரியாது, பெயரை வாசித்தால் சரியாக உச்சரிக்கவும் வராது. என் கூடப்பிறந்தவருடைய வயிறு மட்டும் என் கைக்கு வரவில்லை.

3

அண்ணன் ரிக் வண்டி வைத்திருந்தார். ஆழ்துளைக் கிணறு போடுகிற வண்டி. எங்கள் பக்கத்து ஆண்களில் பாதிப்பேர் அந்த வண்டியோடு மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று போய் மாதக்கணக்கில் கிடப்பார்கள். நேரங்கெட்ட நேரத்தில் சோறு, காரக் குழம்பு, டீ. வயிறு எரிந்தால் ரோஸ் கலர் மருந்தை ஒரு மூடி ஊற்றிக் குடித்துவிட்டு, துளை போட வேண்டிய அடுத்த பாயின்ட்டுக்கு வண்டியை விடுவார்கள். அதனால் அண்ணனுக்கு வயிற்றுவலி என்றபோது யாரும் பதறவில்லை. எங்கள் அப்பாவும் வயிற்றோடுதான் போனார். அவருக்கும் அல்சர் என்றுதான் பேச்சு.

ஒரு நாள் அண்ணன் தானாகவே என்னை அழைத்தார். அதுவே அதிசயம். இத்தனை வருஷத்தில் என் வேலையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

“ஏஞ்சாமி, நீ அங்க வயித்துச் சதையெல்லாம் பாக்கறயாமா?”

“பாக்கறனுங்ணா.”

“அதைப் பாத்தா ஆளு தேறுவானா மாட்டானான்னு தெரிஞ்சுருமா?”

நான் உற்சாகமாகிவிட்டேன். ஒட்டிப் பிடிக்கிற புரதம், அது போனால் செல் கழன்று பரவுவது, எல்லாம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“நம்ம போர்ல மண்ணு சரியற மாதிரி. மேல கெட்டியா இருக்கும், உள்ள பொலபொலன்னு உழுந்துக்கிட்டே இருக்கும். பைப் எறக்குனாத்தான் நிக்கும்.”

“அதேதானுங்ணா.”

“இதுக்குப் பைப் எறக்க முடியுமா?”

“சிலதுக்கு மருந்து இருக்குதுங்ணா. டெஸ்ட் பண்ணிப் பாத்தாத்தான் தெரியும்.”

“செரி செரி. பையன் நல்லாப் படிக்கறானா?”

அன்று முழுக்க எனக்குப் பெருமை தாங்கவில்லை. கூட வேலை செய்கிற ஹைகேயிடம், என் அண்ணன் என் வேலையைப் பற்றிக் கேட்டார் என்று சொல்லிச் சொல்லி மகிழ்ந்தேன். அவர் தன்னைப் பற்றித்தான் கேட்டார் என்பது எனக்கு எப்படித் தெரியும்? வீட்டில் எல்லோரும் கூடி அவரிடமும் அல்சர் என்றார்கள், என்னிடமும் அல்சர் என்றார்கள். அவரிடம் சொன்னது அவர் மனசு உடையக் கூடாதென்று. என்னிடம் மறைத்தது, தூரத்தில் இருப்பவளுக்குச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று. வீடியோவில் பேசும்போது போனை முகத்துக்கு நேராக மட்டும் பிடித்தார்கள். கழுத்துக்குக் கீழே நான் அவரைப் பார்க்கவே இல்லை.

4

இங்கே நடைமுறை தலைகீழ். நோயாளி சம்மதிக்காமல் டாக்டர் யாரிடமும் வாய் திறக்கக் கூடாது. ஹைகேயின் அம்மாவுக்குப் புற்று என்பது, அந்த அம்மாவே ஒரு ஞாயிற்றுக்கிழமை கேக் வெட்டிக்கொண்டே சொன்னபோதுதான் ஹைகேவுக்குத் தெரியும். அப்போது நான் மனசுக்குள், என்ன குடும்பமடா இது என்று நினைத்துக்கொண்டேன். இங்கே நோயாளிக்கு மட்டும் தெரிகிறது, நம் ஊரில் நோயாளிக்கு மட்டும் தெரிவதில்லை. இரண்டில் எது மேல் என்று கேட்டால் இன்று எனக்குச் சொல்லத் தெரியாது.

கடைசியில் பிரபுதான் பொறுக்கமாட்டாமல் சொன்னான். “அத்தை, அது அல்சர் இல்லீங்க.” அப்போதே அண்ணன் எழுந்து நடக்கிற நிலையில் இல்லை.

கிளம்பலாம் என்றால், இந்த நாட்டில் தங்குவதற்கான என் அட்டை காலாவதியாகிப் புதுப்பிப்பதற்காகக் காத்திருந்த நேரம். அட்டை இல்லாமல் வெளியே போனால் திரும்பி உள்ளே விடமாட்டார்கள். வெளிநாட்டவர் அலுவலகத்தின் இணையப் பக்கத்தைத் திறந்தால் “தற்போது நேரம் எதுவும் காலியாக இல்லை, தங்கள் புரிதலுக்கு நன்றி” என்று வரும். எனக்குப் புரிந்ததாக அவர்களே முடிவு செய்துகொள்கிறார்கள்.

நேரிலேயே போய் நின்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண். ஜெர்மனில் சாகக் கிடக்கிறார் என்பதற்கு ஒரு சொல், சாகக்கூடியவர் என்பதற்கு வேறொரு சொல். பதற்றத்தில் இரண்டாவதைச் சொல்லிவிட்டேன். “என் அண்ணன் சாகக்கூடியவர், அவசரம்” என்றேன். அந்தப் பெண் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “நாம் எல்லோருமே அப்படித்தான்” என்றாள். திருத்திச் சொன்னபிறகு, அவசரம் என்பது பெற்றோர், துணைவர், பிள்ளைகள் ஆகியோருக்குத்தான், உடன்பிறந்தவர் அந்த வரிசையில் வரமாட்டார் என்றாள். கல்யாணத்தன்று என்னைக் கைப்பிடித்து மணவறைக்குக் கூட்டி வந்தவர், நான் பிரசவத்துக்கு ஊருக்கு வந்திருந்தபோது ரிக் வண்டியைச் சத்தீஸ்கரில் விட்டுவிட்டு ஓடி வந்தவர், அந்த வரிசையில் வரமாட்டாராம்.

அட்டை கைக்கு வருமுன்னே அண்ணன் போய்விட்டார். எரித்ததைப் போனில் பார்த்தேன்.

5

அல்சர் இல்லை என்று பிரபு சொன்ன அன்றே நான் கேட்ட முதல் கேள்வி, “பிளாக் எங்க சாமி?” என்பதுதான்.

“ஊட்லதானுங்க அத்தை இருக்குது. வெளிய டெஸ்ட்டுக்கு அனுப்பச் சொல்லிக் குடுத்தாங்க. அம்மா பூக் கேட்டாங்க. செவப்பு வந்துருச்சுங்க. அதான் சாமி ரூம்லயே வெச்சிருக்கறோம்.”

பூக் கேட்பது எங்கள் பக்கத்து வழக்கம். கல்யாணமோ, கிணறு வெட்டுவதோ, பெரிதாக எது செய்வதென்றாலும் குலதெய்வத்தின் முன்னால் வெள்ளைப் பூவையும் செவ்வரளியையும் தனித்தனிப் பொட்டணமாகக் கட்டிப் போட்டு ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது. சிவப்பு வந்தால் செய்யக் கூடாது. என் கல்யாணத்துக்கும், நான் கடல் தாண்டிப் போவதற்கும் கேட்டார்கள். இரண்டுக்கும் வெள்ளை வந்தது. அப்போது நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டவள்தான்.

ஆனால் அண்ணனுக்குப் பரிசோதனை செய்யலாமா என்று கேட்டதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. பரவுமா என்று கேட்கப் போனால் பரவும் என்று வந்துவிடும் என்ற பயம். கத்தி பட்டால் கட்டி கிளம்பிவிடும் என்று ஒறம்பரை என்று வந்த சொந்தக்காரர்கள் ஆளாளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். மருந்துக்கு வழி இருக்கிறதா என்று பார்க்கிற சாயத்தைக்கூட அரளிப்பூ தடுத்துவிட்டது. நான் போனில் எவ்வளவு சொல்லியும் யாரும் கேட்கவில்லை.

அண்ணன் இறந்த அன்று அழுகைக்கு நடுவிலும் பிரபுவிடம் சொன்னேன். அந்த மெழுகைப் பத்திரமாக வை, நான் வந்து எடுத்துக்கொள்கிறேன். தாத்தா, அப்பா என்று இரண்டு தலைமுறை வயிற்றோடு போயிருக்கிறது. இது குடும்பத்தில் ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ள முதலில் பார்க்க வேண்டியது நோய் வந்தவருடைய சதையை. உனக்காகத்தான் கேட்கிறேன் என்றேன். சரி என்றான். காரியங்கள் நடந்த அந்த நாட்களில் அவன் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

அட்டை வந்து, ஊருக்குப் போய், பையைக்கூட இறக்காமல் நங்கையிடம் கேட்டேன்.

“அந்த மெழுகு எங்கீங்க நங்கை?”

“கூடுதுறையில உட்டுப்போட்டோம் அம்முணி. எலும்போட.”

பவானி கூடுதுறை. காவிரியில்.

“அவரு ஒடம்புல ஒரு துண்டு ஊட்டுக்குள்ளயே இருந்தா அவரு எப்பிடி அம்முணி போய்ச் சேருவாரு? ஒட்டுக்காத்தான அனுப்போணும்.”

“அது டெஸ்ட்டுக்குங்க நங்கை.”

“ஆளே போயாச்சு. இனி என்ன டெஸ்ட்டு?”

ஆற்றில் பிளாஸ்டிக் போடக் கூடாது என்று பலகை வைத்திருந்தார்களாம். அதனால் கத்தியால் நெம்பி மெழுகை மட்டும் பெயர்த்தெடுத்து விட்டிருக்கிறார்கள். இத்தனை நியாயம் பார்க்கிற குடும்பம் எங்களுடையது.

“எலும்பு போட்ட ஒடனே முழுகிப்போச்சு. அது மட்டும் முழுகல அம்முணி. மெதந்துக்கிட்டே போச்சு. கண்ணுக்கு எட்டற மட்டும் பாத்துக்கிட்டே நின்னேன்.”

நங்கை அழுதார். நான் அழவில்லை. எனக்கு வந்த கோபத்தில் பக்கத்தில் இருந்த சொம்பை எடுத்து எறிந்திருப்பேன். படித்த பிள்ளை பிரபுவும் பக்கத்தில்தானே நின்றிருக்கிறான் என்று அவன்மீதும் கத்தினேன். அவன் தலை குனிந்தபடி சாமி ரூமுக்குப் போய், அந்தப் பிளாஸ்டிக் சட்டத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான். அதில் அண்ணனின் எண் அழியாமல் இருந்தது.

சட்டத்தின் ஓட்டைகளில் கொஞ்சம் மெழுகு ஒட்டியிருந்தது. இங்கே கொண்டுவந்து, வேலை முடிந்தபின் ஹைகேயிடம் அனுமதி கேட்டு, அதைச் சுரண்டி உருக்கிப் பதித்துச் சீவினேன். தண்ணீரில் மிதக்கவிட்டு ஏந்தினேன். ஹைகே நுண்நோக்கியில் நெடுநேரம் பார்த்துவிட்டு, “மெழுகுதான், வேறெதுவும் இல்லை” என்றாள். அன்றிலிருந்து அந்தத் தண்ணீர்த் தொட்டியில் எதை மிதக்கவிட்டாலும் எனக்குக் கூடுதுறைதான் தெரிகிறது.

6

காலையில் அண்ணன் படத்துக்கு விளக்கு வைத்து, சாதமும் அவருக்குப் பிடித்த கொள்ளுப் பருப்பும் வைத்தேன். காக்கைக்கு வைக்க முடியாது. பால்கனியில் பறவைகளுக்கு உணவிடக் கூடாது என்பது எங்கள் குடியிருப்பின் விதி.

என் மகன் ஆதி எழுந்து வந்தான். பள்ளி இறுதி வருஷம். இங்கேயே வளர்ந்தவன். தமிழில் பேசினால் ஜெர்மனில் பதில் சொல்வான்.

“இன்று யாருக்கு? அந்த டிரில் மாமாவுக்கா?”

“ஆமாம்.”

அவன் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே கேட்டான். “அவருக்குக் கடைசி வரைக்கும் யாருமே சொல்லவில்லையா? அவர் உடம்புதானே அது?”

பதினேழு வயசுப் பையன் கேட்ட இந்தக் கேள்வியை எங்கள் ஊரில் பெரியவர்கள் ஒருவரும் கேட்கவில்லை. நான் வழக்கம்போல நம் ஊர், நம் பாசம் என்று ஆரம்பித்தேன். பாதியில் எனக்கே சலித்துவிட்டது. பேச்சை மாற்றி, ஒட்டிப் பிடிக்கிற புரதம் போனால் செல் கிளம்பி வேறு இடத்தில் போய்க் குடியேறும், நாமும் அப்படித்தான் இங்கே வந்தோம் என்றேன். கொஞ்சம் ஆழமாகப் பேசிவிட்டதாக எனக்கு நினைப்பு.

“அம்மா, நீ புற்றுநோயா?” என்று கேட்டுவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். கதவருகே நின்று, “சாயந்தரம் சீக்கிரம் வருகிறேன்” என்றான், தமிழில். அந்த மட்டும் சந்தோஷம்.

என் வயிற்றிலும் குழாய் விட்டுப் பார்த்துவிட்டார்கள். ஒன்றுமில்லை, ஆனால் அவ்வப்போது வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். பிரபுவுக்கு இதைச் சொல்லித்தான் வற்புறுத்தினேன். அப்பா விட்டுப்போன ரிக் வண்டி, சீசன், டீசல் என்று தள்ளிப்போட்டு, எரிச்சல் தாங்காமல் போன மாதம்தான் போயிருக்கிறான். அவன் அப்பாவின் மெழுகு இருந்திருந்தால், ஒரு வருஷத்துக்கு முன்னாலேயே அவனைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போயிருப்பேன்.

அவனுடைய சாய முடிவு இன்னும் வரவில்லை. கோடு இருக்குமா, அழிந்திருக்குமா, மருந்துக்கு வழி இருக்குமா, எதுவும் தெரியாது. ஒன்று மட்டும் தெரியும். இந்தத் தடவை யாரும் பூப்போட்டு அதைத் தடுக்கக் கூடாது.

7

போன் வந்துவிட்டது. நங்கைதான்.

“படையல் முடிஞ்சுது அம்முணி. எல்லாரும் உண்டாச்சு. நீ என்ன செஞ்ச?”

“கொள்ளுப் பருப்புங்க நங்கை.”

“அவருக்கு அதுன்னா உசுரு.” பின்னால் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. நங்கை போனோடு எங்கோ நடந்து போவது தெரிந்தது. ஒரு கதவு சாத்திய ஓசை. பிறகு குரலை இறக்கினார்.

“பிரபு இலையில ஒக்காந்தான். ரெண்டு வாய் உண்டுபோட்டு எந்திரிச்சுட்டான். நெதமும் இப்பிடித்தான். சேலம் போயிட்டு வந்தான், என்னடான்னு கேட்டா வாயே தொறக்கறதில்ல. உங்கிட்டப் பேசியிருக்கறான். அவனுக்கு என்னாச்சாம் அம்முணி?”

அண்ணன் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் அந்தப் பிளாஸ்டிக் சட்டத்தை வைத்திருந்தேன். நான் அதன் எண்ணையே பார்த்துக்கொண்டு சொன்னேன்.

“அல்சருங்க நங்கை.”

அந்தப் பக்கம் சாத்திய கதவைத் திறக்கிற ஓசை கேட்டது.

“செரி அம்முணி,” என்றார் நங்கை. “உங்கண்ணங்கிட்ட நானும் அதத்தான் சொன்னேன்.”